மணமகளின் மணிச்செருப்பு: நீரிணைக் குடியேற்றங்களின் நியோன்யா மகளிர் கைவினையும் மறைந்த உழைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுக நகரங்களில் வாழ்ந்த பெரனாக்கான் சீனர் சமூகத்தில், மணமகள் அணிவதற்கான தட்டையான செருப்பின் முகப்பைப் பொன்னிழையாலும் கண்ணாடி மணிகளாலும் அணிசெய்யும் வழக்கம் நிலவியது. அச்செருப்பை மணமகளே பல மாதங்கள் உழைத்துத் தைத்தாள் என்பதே இன்று பரவலாகக் கூறப்படும் செய்தியாகும். அச்செருப்பின் வடிவம், மூலப்பொருள், வேலைமுறை, சடங்குப் பயன்பாடு ஆகியவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கின்றது. மணமகளின் பொறுமைக்குச் சான்றாக மட்டும் இச்செருப்பைக் காண்பது பிற மகளிரின் கூலி உழைப்பையும் செருப்புத் தொழிலாளரின் பங்கையும் மறைத்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: பெரனாக்கான், நியோன்யா, மணித்தையல், காசுட் மானேக், மணச்சடங்கு, மகளிர் உழைப்பு, மலாக்கா செட்டிகள்

முன்னுரை

தமிழர் மணச்சடங்குகளில் மணமகளின் பாதத்திற்குத் தனியிடம் உண்டு. அம்மி மிதித்தல், மெட்டி அணிவித்தல் ஆகிய சடங்குகள் யாவும் வெறும் பாதத்தை மையமாகக் கொண்டவை. செருப்பு மணமேடைக்கு அப்பால் கழற்றி விடப்படும் பொருள். சில சமூகங்களின் காசியாத்திரைச் சடங்கில் மணமகன் குடையும் செருப்பும் கொண்டு புறப்படுவதை ஒரு விதிவிலக்கு எனலாம். அங்கும் செருப்பு மணமகனுக்கு உரியதே தவிர மணமகளுக்கு உரியது அன்று. இம்மரபில் பழகிய ஆய்வாளருக்கு, மணமகளின் செருப்பே மங்கலப் பொருளாகவும் அவளது கைத்திறனின் சான்றாகவும் கருதப்பட்ட ஒரு பண்பாடு தனிக் கவனத்திற்கு உரியதாகும்.

அத்தகைய பண்பாடு மலாக்கா நீரிணையின் துறைமுக நகரங்களில் வாழ்ந்த பெரனாக்கான் சீனருடையது. இவர்தம் அணிசெய்த செருப்பு மலாய் மொழியில் ‘காசுட் மானேக்’ எனப்படும். ‘காசுட்’ என்பது காலணியையும் ‘மானேக்’ என்பது கோக்கும் மணியையும் குறிக்கும். இப்பொருள் குறித்த நூல்களுள் இரண்டு இங்குக் குறிப்பிடத்தக்கவை. ஹோ விங் மெங் 1987இல் வெளியிட்ட நூல், நீரிணைச் சீனரின் மணித்தையலையும் பூத்தையலையும் சேகரிப்பாளர் நோக்கில் அறிமுகப்படுத்தியது. ஹ்வேய்-ஃபென் செஹ் 2010இல் வெளியிட்ட நூல், நியோன்யா மணித்தையலைச் சுற்றி எழுந்த கதையாடல்களையே ஆய்வுப்பொருளாக்கியது. பொருளை வகைப்படுத்துவதிலிருந்து பொருளைப் பற்றிய பேச்சை ஆராய்வதற்கு ஆய்வு நகர்ந்ததை இவ்விரு நூல்களும் காட்டுகின்றன. இக்கட்டுரை அந்நகர்வைத் தொடர்ந்து, செருப்பு என்னும் ஒரே பொருளின்மீது கவனம் செலுத்துகின்றது.

சமூகப் பின்னணி

‘அனாக்’ என்னும் மலாய்ச் சொல் ‘பிள்ளை’ எனப் பொருள்படும். அதிலிருந்து பிறந்த ‘பெரனாக்கான்’ என்பது இம்மண்ணில் பிறந்தவர் என்னும் கருத்துடையது. வணிகத்தின் பொருட்டுத் தென்சீனத்திலிருந்து, சிறப்பாக ஃபூஜியன் பகுதியிலிருந்து வந்த ஆடவர் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பம் அமைத்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் காலப்போக்கில் தம் சமூகத்துக்குள்ளேயே மணவுறவு கொள்ளலாயினர். ஆடவர் ‘பாபா’ என்றும் மகளிர் ‘நியோன்யா’ என்றும் அழைக்கப்பட்டனர். வீட்டுமொழி ஹொக்கியன் சொற்கள் கலந்த மலாய். வழிபாடும் முன்னோர் சடங்குகளும் சீன மரபின. சமையலும் உடையும் பெரிதும் மலாய் உலகத்தைச் சார்ந்தவை.

ஆங்கிலேயர் 1786இல் பினாங்கிலும் 1819இல் சிங்கப்பூரிலும் காலூன்றினர். 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் டச்சுக்காரரிடமிருந்து மலாக்காவைப் பெற்றனர். இம்மூன்றும் 1826இல் நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொணரப்பட்டு, 1867இல் பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டன. உள்ளூர் மொழியும் வணிகத் தொடர்பும் ஒருங்கே பெற்றிருந்த பாபா குடும்பங்கள் பல இவ்வாட்சியில் பெருஞ்செல்வம் ஈட்டின. அச்செல்வம் வெளிப்படும் முதன்மைக் களம் திருமணம். முழுமையான மணவிழா 12 நாள் நீடித்தது.

செல்வக் குடும்பங்களில் பருவமெய்திய பெண்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வளர்க்கப்பட்டனர். சமையலும் தையலும் அவர்கள் கற்க வேண்டிய இரு கலைகள். அம்மியும் உரலும் எழுப்பும் ஓசையைக் கேட்டே ஒரு பெண்ணின் சமையல் திறத்தை மூத்த மகளிர் மதிப்பிடுவர் என்னும் செய்தி இச்சமூகத்தாரிடையே இன்றும் வழங்குகிறது. தையலின் திறம் கண்ணுக்குப் புலனாவது. அதனைக் காட்டும் பொருள்களுள் ஒன்று செருப்பு.

வடிவமும் பாதமும்

மணப்பெண் காலணி தைத்தல் சீனத் தாயகத்து மரபே. மணமகள் தனக்கு மட்டுமன்றிக் கணவன் வீட்டாருக்கும் தன் கையால் காலணி தைத்துக் கொண்டுசெல்லும் வழக்கம் அங்கு இருந்தது. ஆயின் தென்சீனத்துப் பெண்டிர் பலர் கட்டுண்ட பாதத்தினர். அவர்தம் காலணி அப்பாதத்திற்கேற்பச் சிறியதாய், முழுவதும் மூடியதாய் அமைந்தது. நியோன்யா மகளிரிடையே பாதங்களைக் கட்டும் வழக்கம் பொதுவாகக் காணப்படவில்லை. உள்ளூர்த் தாய்வழி மரபு இதற்குக் காரணமாகலாம்.

எனவே, சீன மரபின் காலணித் தையல் இயல்பாக வளர்ந்த பாதத்திற்கான காலணியின்மீது இடம்பெயர்ந்தது. பழைய நியோன்யா செருப்பு குதிகால் உயர்த்தப்படாதது. தட்டையான தோல் அடியை உடையது. முன்புறம் விரல்களையும் மேற்பாதத்தையும் மூடிப் பின்புறம் திறந்திருப்பது. வாயிலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே செல்லும் மலாய் உலகத்தின் வாழ்முறைக்கு எளிதில் நுழைத்துக் கழற்றத்தக்க இவ்வடிவம் பொருந்தியது. அணிவேலைக்கு இடம் தரும் பகுதி மேற்பாத முகப்பு மட்டுமே. அதனை அணிசெய்வதிலேயே முழுத் திறமும் செலுத்தப்பட்டது.

மலாய் உலகத்தில் காலணிக்கு வழங்கும் சொற்களுள் ‘செர்ப்பு’ என்பதும் ஒன்று. இது தமிழின் ‘செருப்பு’ என்பதிலிருந்து சென்றது. ஆயினும் நியோன்யா மகளிர் தம் அணிசெய்த காலணியைச் சுட்ட ‘காசுட்’ என்னும் சொல்லையே ஆண்டனர்.

பொன்னிழையிலிருந்து கண்ணாடி மணிக்கு

இன்று அருங்காட்சியகங்களில் காணப்படும் மணச்செருப்புகள் யாவும் மணிகளால் ஆனவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மணச்சடங்குக்குரிய செருப்புகள் பலவற்றில் வெல்வெட்டுத் துணியின்மேல் பொன், வெள்ளி நிறமுடைய உலோக இழைகளால் பூத்தையல் செய்யப்பட்டுள்ளது. வெட்டிய அட்டை வடிவத்தின்மேல் உலோக இழையைப் படியவைத்துப் புடைப்பாகத் தைக்கும் மலாயரின் ‘தெக்காட்’ வேலைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. ஃபீனிக்ஸ் எனப்படும் மங்கலப் பறவை, பியோனி மலர், வண்ணத்துப்பூச்சி முதலிய சீன மங்கலக் குறிகள் இவற்றில் இடம்பெற்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் கண்ணாடி மணித்தையல் மேலோங்கியது. இம்மணிகளின் தோற்றுவாய் தமிழ் ஆய்வாளர் கருத்தூன்ற வேண்டிய செய்தியாகும். தென்கிழக்காசியாவின் தொன்மையான தொல்லியல் களங்களில் கிடைக்கும் சிறு கண்ணாடி மணிகளை அரிக்கமேட்டோடு தொடர்புபடுத்தி நாம் படித்திருக்கிறோம். ‘மானேக்’ என்னும் சொல்லே ‘மணி’ என்னும் இந்தியச் சொல்லோடு உறவுடையது. இவ்விரண்டையும் இணைத்து, நியோன்யா மணிகளும் சோழமண்டலக் கரையிலிருந்து சென்றவையே என முடிவு கட்டுவது எளிது. ஆனால் அது பிழையாகும். நியோன்யா செருப்பின் நுண்மணிகள் ஐரோப்பியத் தொழிற்கூடங்களில் உருவானவை. பொஹீமியாவும் வெனிசும் அத்தொழிலின் பெருமையங்கள். உருகிய கண்ணாடியைக் குழலாக நீட்டி இழுத்து நறுக்கும் முறை இரு மரபுகளுக்கும் பொதுவானது. வணிக வழியும் காலமும் வேறானவை. சொல்லின் வேரும் பொருளின் வரவும் ஒரே திசையில் அமையவேண்டும் என்பதில்லை.

மணியோடு வடிவப்படிகளும் ஐரோப்பாவிலிருந்து வந்தன. கட்டம் கட்டமாக வண்ணமிட்டு அச்சிடப்பட்ட தையற்படிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ‘பெர்லின் கம்பளித் தையல்’ என்னும் பெயரால் பரவின, பின்னர் டி.எம்.சி. போன்ற நூல் நிறுவனங்களும் படிநூல்களை வெளியிட்டன. இப்படிகளில் ஒரு கட்டம் ஒரு தையலைக் குறிக்கும். நியோன்யா மகளிர் அந்த ஒரு தையலுக்கு ஒரு மணி என மாற்றிக்கொண்டனர். ஃபீனிக்ஸும் பியோனியும் இருந்த இடத்தில் நிழலும் ஒளியும் காட்டும் ஐரோப்பிய ரோசாப் பூக்களும் நாய்க்குட்டிகளும் தோன்றியமைக்கு இதுவே காரணம். இதனை மரபின் சிதைவு எனக் கருதுவாரும் உளர். ஆயின் ஒரு கைவினைக்குரிய படியைப் பிறிதொரு கைவினைக்கு ஏற்ப மாற்றுவதற்குத் தேர்ந்த தொழிலறிவு வேண்டும் என்பதை மறுத்தல் இயலாது.

வேலைமுறை

மணித்தையலுக்குக் ‘பிடாங்கான்’ எனப்படும் மரச்சட்டம் பயன்பட்டது. தாங்கிகளின்மேல் கிடத்தப்படும் அச்சட்டத்தில் கட்டமிட்ட கித்தான் துணியை இறுக்கிக் கட்டுவர். செருப்பின் முகப்பு வடிவத்தை அதில் வரைந்து, படியைப் பார்த்து மணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் எடுத்துக் குறுக்குச் சாய்வில் தைப்பர். பட்டை தீட்டப்பட்டு ஒளியை எதிரொளிக்கும் மணி ‘மானேக் போத்தோங்’ எனப்படும். ‘போத்தோங்’ என்பது வெட்டு எனப் பொருள்படும். ஒரு வரிசையில் அளவு மாறிய ஒரு மணி புகுந்தாலும் அடுத்த வரிசைகள் கோணும். ஆதலால் தைப்பதற்கு முன் மணிகளைச் சலித்துத் தேர்தலே ஒரு தனிவேலை.

இவ்வுழைப்பின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். மணியின் குறுக்களவு 1.5 மில்லிமீட்டர் எனக் கொண்டால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 44 மணிகள் அடங்கும். ஒரு முகப்பின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால் அதற்கு 4,400 மணிகள், ஓர் இணைக்கு 8,800 மணிகள் தேவைப்படும். மணி இதனினும் நுண்ணியதாயின் எண்ணிக்கை விரைந்து கூடும். ஒவ்வொரு மணிக்கும் ஊசி ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்க வேண்டும். எனவே மாதக்கணக்கில் வேலை நீண்டது என்னும் கூற்று மிகையன்று.

தைத்து முடித்த முகப்பு அந்நிலையில் செருப்பு ஆகிவிடாது. அதனைச் சட்டத்திலிருந்து எடுத்துச் செருப்புத் தொழிலாளியிடம் கொடுப்பர். அவர் முகப்பை வெட்டி, உட்துணி கொடுத்து, ஓரத்தை மடித்து, தோல் அடியோடு பொருத்துவார். ஒரு மணியும் உதிராமல் ஓரத்தை வெட்டி மடிப்பது அவரது திறத்தைப் பொறுத்தது. வெட்டு தவறினால் மாதக்கணக்கான தையல் வீணாகும். வீட்டுக்குள் தைத்த பெண்ணின் கையும் கடைத்தெருவில் தோல் வெட்டிய தொழிலாளியின் கையும் சேர்ந்தே செருப்பை உருவாக்கின.

மங்கலமும் துக்கமும்

மணவிழாவில் செருப்பு மணமகளின் பாதத்தோடு நின்றுவிடவில்லை. மணமகனுக்கும் மாமியாருக்கும் உரிய செருப்புகளும் பெண்வீட்டார் ஆயத்தம் செய்யும் பொருள்களுள் அடங்கின. மலாய் மொழியில் ‘ஹாலுஸ்’ என்னும் சொல் நுண்மையையும் நயத்தையும் ஒருங்கே குறிக்கும். தையலுக்கும் நடத்தைக்கும் அதுவே உயர்ந்த பாராட்டு. செருப்பைக் கையில் எடுத்துப் பார்க்கும் மாமியார் தையலின் நுண்மையிலிருந்து வரப்போகும் மருமகளின் இயல்பை மதிப்பிட்டாள்.

செருப்பு மங்கலத்தை மட்டும் சொல்லவில்லை. துக்க காலத்திற்கெனக் கறுப்பு, வெள்ளை, நீலம், பச்சை ஆகிய நிறங்களில் தைத்த மணிச்செருப்புகளும் எஞ்சியுள்ளன. துக்கம் படிப்படியாக நீங்க நீங்க உடையின் நிறமும் கறுப்பிலிருந்து நீலத்திற்கும் பச்சைக்கும் மாறியது. செருப்பும் அதனைப் பின்பற்றியது. ஆகவே இச்செருப்பு மணமகளின் அழகுப்பொருளாக மட்டுமன்றி, ஒரு பெண் வாழ்வின் எந்நிலையில் நிற்கிறாள் என்பதைப் பிறர்க்கு அறிவிக்கும் குறியாகவும் விளங்கியது.

‘தானே தைத்தாள்’ என்னும் கூற்று

இதுவரை கண்டவற்றின் அடிப்படையில் பரவலான அக்கூற்றை மீள்நோக்கலாம். மணமகளே தன் செருப்பைத் தைத்தாள் என்பது பல குடும்பங்களைப் பொறுத்தவரை உண்மையாகவே இருந்திருக்கும். ஆயின் அதனை எல்லாச் செருப்புகளுக்கும் உரிய பொதுவிதியாகக் கொள்வதில் மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, செருப்புகளில் தைத்தவர் பெயர் பொறிக்கப்படுவதில்லை. ஒரு குறிப்பிட்ட இணையை யார் தைத்தார் என்பது பெரும்பாலும் குடும்ப நினைவால் மட்டுமே அறியப்படுகிறது. அந்நினைவு, செருப்பை அணிந்தவரையே தைத்தவராகவும் கொள்ள முனைவது இயல்பு.

இரண்டாவது, மணித்தையலைக் கூலிக்குச் செய்த நியோன்யா மகளிரும் இருந்தனர். வறுமையுற்ற குடும்பத்துப் பெண்களும் கைம்பெண்களும் வெளியே சென்று பொருளீட்ட இயலாத சூழலில், வீட்டுக்குள்ளிருந்தே செய்யத்தக்க மதிப்பான தொழிலாகத் தையல் அவர்களுக்கு அமைந்தது. செல்வக் குடும்பம் வேலையை விலைக்கு வாங்கியபோது, அவ்வேலையின் வழியாகப் புலப்படவேண்டிய பொறுமையும் நுண்மையும் வாங்கியவளுக்கு உரியனவாயின.

மூன்றாவது, முன்னர்க் கண்டவாறு, செருப்புத் தொழிலாளியின் கையின்றி எந்த இணையும் முழுமை பெறவில்லை.

இவற்றால் அக்கூற்று பொய் என்பது முடிபன்று. அக்கூற்றே ஒரு சமூக விழுமியத்தின் வெளிப்பாடு என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. மணமகள் எவ்வாறு இருத்தல் வேண்டும் எனச் சமூகம் விரும்பியதோ, அதனை அச்செருப்பின்மேல் ஏற்றிச் சொன்னது. அவ்விழுமியத்தை ஆய்வாளர் பதிவுசெய்யலாம். அதனையே உற்பத்தி வரலாறாகக் கொள்ளலாகாது.

மாற்றமும் மீட்டெழுச்சியும்

பெண்கல்வி இவ்வுலகை மாற்றத் தொடங்கியது. லிம் பூன் கெங், சோங் ஓங் சியாங் முதலிய சீர்திருத்தவாதிகளின் முயற்சியால் சிங்கப்பூர்ச் சீனப் பெண்கள் பள்ளி 1899இல் தோன்றியது. பள்ளிக்குச் சென்ற தலைமுறையினரிடம் வீட்டுக்குள் அடங்கியிருந்த பழைய நாளொழுங்கு தளர்ந்தது. 1930களில் குதிகால் உயர்ந்த, விரல் தெரியும் வடிவங்கள் பெருகின. மணிச்செருப்பு மணச்சடங்கைக் கடந்து கெபாயாவோடு அணியும் நாகரிகக் காலணியாயிற்று. அதே பத்தாண்டின் பொருளாதாரப் பெருமந்தம் ரப்பர் விலையை வீழ்த்திப் பல குடும்பங்களின் செல்வத்தைக் குலைத்தது. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானிய ஆட்சி அவ்வீழ்ச்சியை முழுமையாக்கியது. ஐரோப்பிய மணிகளின் வரவு நின்றது. 12 நாள் மணவிழாவும் வழக்கொழிந்தது.

பிற்காலத்தில் பழம்பொருள் சேகரிப்பாளர் வழியாகவும் அருங்காட்சியகங்கள் வழியாகவும் இச்செருப்பு மீண்டும் மதிப்புப் பெற்றது. சிங்கப்பூரில் பெரனாக்கான் அருங்காட்சியகம் 2008இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஒளிபரப்பான ‘தி லிட்டில் நியோன்யா’ என்னும் தொலைக்காட்சித் தொடர் நியோன்யா பண்பாட்டைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுசென்றது. 2024இல் கெபாயா யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று மலாக்காவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் மணித்தையல் வகுப்புகள் நடைபெறுகின்றன; சப்பானிய, செக் நாட்டு மணிகள் பயன்படுகின்றன. கற்போர் தம் வேலைக்கு உரிமை கோரும் நிலையும், கைவினைஞர் பெயரோடு செருப்பு விற்கப்படும் நிலையும் உருவாகியுள்ளமை பழைய பெயரின்மைக்கு நேர்மாறானது.

மலாக்கா செட்டிகளும் தமிழ் ஆய்வும்

இப்பொருள் தமிழாய்வுக்கு அயலானதன்று. மலாக்காவின் காஜா பெராங் பகுதியிலுள்ள செட்டி கிராமத்தில் வாழும் மலாக்கா செட்டிகள், தமிழ் வணிகர் உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் தோன்றிய பெரனாக்கான் இந்தியர் ஆவர். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்தம் சமூக வாழ்வின் மையங்களுள் ஒன்று. சைவ வழிபாட்டைப் பேணும் இவர்கள் மலாய் மொழி பேசுவோர். இவர்தம் மகளிர் கெபாயா, சாரோங், மணிச்செருப்பு ஆகிய நியோன்யா உடைவழக்குகளைப் பகிர்ந்துகொண்டனர். சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் இச்சமூகம் பற்றிய கண்காட்சியை நடத்தியது.

இவர்களைப் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் கோயிலையும் வணிகத்தையும் மொழியிழப்பையும் பேசுகின்றன. இவை ஆடவர் வழியாக எழுதப்படும் வரலாறுகள். மெட்டி அணியும் மரபிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பெண் மணிச்செருப்பையும் ஏற்றபோது எதனைக் கைவிட்டாள், எதனைச் சேர்த்துக்கொண்டாள் என்னும் வினா மகளிர் பொருள்களின் வழியாகவே ஆராயத்தக்கது. குடும்பப் பேழைகளில் எஞ்சியுள்ள உடையும் செருப்பும் கல்வெட்டைப் போன்றே ஆவணங்கள். மூத்த தலைமுறையினர் இருக்கும்போதே அவற்றை, தைத்தவர் யார் என்னும் வினாவோடு சேர்த்துப் பதிவுசெய்தல் உடனடித் தேவையாகும்.

முடிவுரை

நியோன்யா மணமகளின் செருப்பில் சீன மரபின் காலணித் தையலும், மலாய் உலகத்தின் காலணி வடிவமும், ஐரோப்பாவின் மணியும் தையற்படியும் ஒன்றுசேர்ந்தன. இக்கலப்பு அறிஞர் பலரால் பாராட்டப்பட்டதே. கலந்தவற்றை ஒன்றாக்கிய உழைப்பு யாருடையது என்பது போதிய கவனம் பெறவில்லை. மணமகள், அவளுக்காகக் கூலிக்குத் தைத்த மற்றொரு பெண், தோலைப் பொருத்திய தொழிலாளி ஆகிய மூவரில் முதலாமவர் மட்டுமே மரபுக் கதையில் இடம்பெற்றுள்ளார். மற்ற இருவரையும் உரிய இடத்தில் வைக்கும்போது அச்செருப்பின் மதிப்பு குறைவதில்லை. அது யாருடைய வரலாறு என்பது விரிவடைகின்றது. கைவினைப் பொருள்களை ஆராயும் தமிழ் ஆய்வாளர், அவற்றை அணிந்தவரிடமிருந்து ஆய்வைத் தொடங்கினாலும் ஆக்கியவரிடம் சென்று சேர்தல் வேண்டும்.